ஒரே டப்பில் இரண்டு ஜோடிக் கால்கள்... புதினா தண்ணீர் யாருக்கு நல்லது?

அடுக்களை அலமாரி - இந்த வாரம்: புதினா

இரவு ஒன்பதரை மணி. தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி புடவைகளை எடுத்துப்போட்டு, மடித்துவைத்து, கூட்டம் நெரியும் மின்சார ரயிலிலும் நின்றுகொண்டே வந்த மருமகள் வீட்டுக்குள் நுழைகிறார். செருப்பைக் கழற்றும்போதே முகம் சுருங்குகிறது. அடுப்படியிலிருந்து மாமியாரின் குரல்.

“உக்காரும்மா. புதினாக் காம்பு போட்டுத் தண்ணி வெச்சிருக்கேன். ஆறிடப்போவுது.”

மதியம் துவையலுக்கு ஆய்ந்தபோது மிஞ்சிய காம்பும், லேசாகக் கறுத்த இலைகளும்தான் அந்த டப்பில் மிதக்கின்றன. கூடவே ஒரு கை கல் உப்பு. மருமகள் காலை வைத்ததும், “ஸ்ஸ்... சுடுது அத்தை” என்று எடுத்துவிட்டு, மறுபடியும் மெல்ல இறக்குகிறார். புதினா வாசனையிலேயே பாதி அலுப்பு போன மாதிரி இருக்கிறது.

“உங்களுக்கும்தான ராத்திரியில கால் எரியுதுன்னு சொல்றீங்க. நீங்களும் வைங்க அத்தை.”

பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் மாமியாரும் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து காலை வைக்கிறார். இரண்டு நொடி கழித்துச் சொல்கிறார்: “எங்க சுடுது? வெதுவெதுப்பாக்கூட இல்லையேம்மா. அடுப்புல இருக்கிற சுடுதண்ணியக் கொஞ்சம் ஊத்து.”

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை இல்லை. நிற்கிற வேலைக்குப் போகும் ஒருவரும், சர்க்கரை நோய் உள்ள ஒருவரும் சேர்ந்து வாழும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான். அன்பில் குறை இல்லை. புதினாவிலும் குறை இல்லை. ஆனால், மாமியார் கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தண்ணீர் ஒருவருக்குச் சுடுகிறது, இன்னொருவருக்குச் சுடவில்லை. இந்த வாரக் கட்டுரையின் முக்கியமான விஷயமே அதில்தான் இருக்கிறது. அதற்கு முன்னால், கால் ஏன் இப்படிக் கெஞ்சுகிறது என்று பார்த்துவிடலாம்.

நின்றாலே வலிப்பது ஏன்?

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. உடலின் மொத்த எடையையும் தாங்குவது அவைதான். நடந்தால்கூட அவ்வளவு வலிக்காத கால், ஒரே இடத்தில் நின்றால் அதிகம் வலிக்கும். காரணம், காலில் இறங்கிய ரத்தத்தை மறுபடி மேலே அனுப்பும் வேலையில் கெண்டைக்கால் தசைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. நடக்கும்போது அந்தத் தசைகள் சுருங்கி விரிந்து பம்பு மாதிரி வேலை செய்கின்றன. அசையாமல் நின்றால் பம்பு ஓய்ந்துவிடும். ரத்தமும் நீரும் கணுக்காலிலேயே தங்கும். மாலையில் செருப்பு வார் இறுக்குவதும், கொலுசு பதிந்த தடம் விழுவதும் அதனால்தான்.

அதனால்தான் ‘உட்காரும் உரிமை’ என்பது ஒரு சட்டமாகவே வந்தது. கேரளத்தில், கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் வருடக்கணக்கில் போராடியதன் பலனாக, 2018-ல் கடைகள் சட்டம் திருத்தப்பட்டது. அடுத்து, 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் மசோதா வந்தது. 1947-ம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் புதிய பிரிவு சேர்க்கப்பட்டு, ஊழியர்கள் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தரவேண்டும், வேலைக்கு இடையே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்றானது. ஜவுளிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை என எங்கே வேலை பார்ப்பவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய உரிமை இது. டப்பில் காலை வைப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய முதல் வைத்தியம், பகலில் ஐந்து நிமிடம் உட்காருவதுதான்.

பாதத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. உடலின் பெரும்பாலான இடங்களில் தோலுக்கு அடியில் எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை கிடையாது. வியர்வைச் சுரப்பிகளோ அங்கே ஏராளம். அதாவது, வியர்ப்பதில் முதலிடம். தனக்குத்தானே எண்ணெய் தடவிக்கொள்வதில் பூஜ்யம். பித்தவெடிப்பும் வருகிறது, மூடிய ஷூவுக்குள் நாற்றமும் வருகிறது என்றால், இந்த இரண்டும் சேர்ந்த அமைப்புதான் காரணம்.

புதினா என்னதான் செய்கிறது?

புதினா என்றதும் ‘குளிர்ச்சி’ என்கிறோம். உண்மையில் அது தோலின் சூட்டைக் குறைப்பதைவிட, குளிர்ந்துவிட்டதாக நரம்பை நம்பவைக்கிறது.

நம் தோலின் நரம்பு நுனிகளில் குளிரை உணர்வதற்கென்றே ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதன் பெயர் டி.ஆர்.பி.எம்.8. குளிர்ந்த காற்றோ ஐஸ் தண்ணீரோ பட்டால் அது ‘ஆன்’ ஆகும். புதினா வகைகளில் இருக்கும் மென்தால் என்ற பொருள் பட்டாலும் அதே சுவிட்ச் ஆன் ஆகிவிடும். மூளைக்குப் போகும் செய்தி, ‘குளிருது’ என்பதுதான். டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் தனித்தனியாக ஆராய்ந்து, மென்தாலை வைத்தே இந்தச் சுவிட்சை அடையாளம் கண்டு 2002-ல் வெளியிட்டார்கள். வெப்பம், தொடுதல் ஆகியவற்றை உடல் எப்படி உணர்கிறது என்ற ஆய்வுகளுக்காக 2021-ல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

குளிர்ச்சிச் செய்தி போய்க்கொண்டிருக்கும்போது, வலிச் செய்தியின் சத்தம் கொஞ்சம் அமுங்கும். தலைவலித் தைலத்தில் மென்தால் சேர்ப்பது இதனால்தான். ஆக, களைத்த காலுக்குப் புதினா தரும் சுகம் பொய் இல்லை. ஆனால், அது சுகம், சிகிச்சை இல்லை.

இன்னொரு விஷயம். மார்க்கெட்டில் கட்டுக்கட்டாக விற்கும் சமையல் புதினா பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் வகையைச் சேர்ந்தது. அதில் தூக்கலாக இருப்பது கார்வோன் என்ற மணப்பொருள்; மென்தால் மிகவும் குறைவு. மென்தால் நிறைந்தவை பெப்பர்மின்ட்டும், உத்தரப்பிரதேசத்தின் பாராபங்கி போன்ற மாவட்டங்களில் எண்ணெய்க்காகவே ஏக்கர் கணக்கில் பயிராகும் மென்தால் புதினாவும். அதனால், துவையல் புதினாவைப் போட்டால் தைலம் மாதிரி ஜில்லென்று ஏறவில்லையே என்று ஏமாற வேண்டாம். அது மென்மையாக இருப்பதே வீட்டு உபயோகத்துக்கு நல்லது. நல்ல வாசனை, வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிட ஓய்வு... இந்த மூன்றும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

1. புதினா கால் குளியல்

காம்பைத் தூக்கிப்போட வேண்டாம்; ஆனால், வாசனை எண்ணெய் அதிகம் இருப்பது இலையில்தான். அதனால் காம்போடு கொஞ்சம் இலையும் சேரட்டும்.

தேவையானவை: காம்பும் இலையுமாகப் புதினா - ஒரு பெரிய கைப்பிடி, தண்ணீர் - 1 லிட்டர், கல் உப்பு - 2 டேபிள்ஸ்பூன் (விருப்பப்பட்டால்).

செய்முறை: தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். புதினாவை மண் போகக் கழுவி, கையால் கசக்கிப் போட்டு, தட்டு போட்டு மூடி 15 நிமிடம் விடுங்கள். புதினாவைப் போட்டுக் கொதிக்கவைத்தால் வாசனை எல்லாம் ஆவியோடு சமையலறைக்குப் போய்விடும், காலுக்கு மிஞ்சாது. பிறகு வடிகட்டி, 3 லிட்டர் சாதாரணத் தண்ணீர் உள்ள அகலமான டப்பில் கலக்குங்கள். சூடு சரியா என்பதை முழங்கையை வைத்துப் பாருங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் பதம் இருந்தால் போதும்.

பத்து நிமிடம் போதுமானது. அதிகபட்சம் 15. அதற்கு மேல் ஊறினால் தோல் சுருங்கி, இருக்கும் கொஞ்ச ஈரப்பதமும் போய்விடும். கல் உப்பு காலுக்கு இதமாக இருக்கலாம். ஆனால், அது வலியை உறிஞ்சி எடுக்கும் என்பதெல்லாம் இல்லை. அள்ளி அள்ளிப் போட்டால் தோல்தான் வறளும்.

எடுத்ததும் மெல்லிய துண்டால் ஒற்றித் துடையுங்கள். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைப்பது முக்கியம். தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே குதிகாலிலும் உள்ளங்காலிலும் தேங்காய் எண்ணெய் அல்லது பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். விரல் இடுக்கில் தடவக் கூடாது. பிறகு, ஒரு தலையணை மேல் காலைத் தூக்கி வைத்து கால் மணி நேரம் படுத்திருங்கள். வீக்கம் இறங்குவதற்கு டப்பைவிட இது அதிகம் உதவும். வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை போதும்.

2. குதிகாலுக்குப் புதினா - சர்க்கரை ஸ்க்ரப்

புதினா விழுது 1 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன், தேங்காய் எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன். கலந்த உடனே பயன்படுத்த வேண்டும். கால் குளியலுக்குப் பிறகு குதிகாலில் இரண்டு மூன்று நிமிடம் வட்டமாகத் தேய்த்துக் கழுவுங்கள். வாரம் ஒருமுறை போதும். துணி துவைக்கும் கல்லில் ரத்தம் வருமளவுக்குத் தேய்ப்பவர்கள் இன்னமும் உண்டு. அப்படித் தேய்த்தால், தோல் தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் தடிமனாகத்தான் வளரும்.

ரத்தம் கசியும் வெடிப்பில் இந்த ஸ்க்ரப் வேண்டாம். எலுமிச்சையும் பிழிய வேண்டாம். வெடிப்பில் எரிவதோடு, எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கருமையும் கொப்புளமும் வரலாம். இன்னொன்று, பாத்ரூம் தரையில் எண்ணெய் வழுக்கும். உட்கார்ந்து தேயுங்கள், எழும் முன் தரையைச் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.

3. வியர்க்கும் பாதத்துக்குப் புதினா பேக்

முல்தானி மிட்டி 2 டேபிள்ஸ்பூன், புதினா விழுது 1 டேபிள்ஸ்பூன், புளிக்காத தயிர் 1 டேபிள்ஸ்பூன். குழைத்துப் பாதம் முழுக்கப் பூசி, முழுதாகக் காய்ந்து இறுகுவதற்கு முன்பே, பத்து நிமிடத்தில் கழுவிவிடுங்கள். வறண்ட, வெடித்த பாதம் உள்ளவர்கள் இதைத் தவிர்க்கலாம். நாற்றம்தான் பிரச்னை என்றால், பேக் போடுவதைவிட முக்கியமான வேலை வேறு இருக்கிறது. வியர்வைக்குத் தனியாக அவ்வளவு நாற்றம் கிடையாது. அதைப் பாக்டீரியா சிதைக்கும்போதுதான் நாற்றம் வருகிறது. தினமும் துவைத்த சாக்ஸ், ஒருநாள் விட்டு ஒருநாள் காற்றாட வைத்த ஷூ... இந்த இரண்டும் இல்லாமல் எந்தப் பேக்கும் பலிக்காது.

4. இரவு மசாஜ் எண்ணெய்

கடையில் வாங்கும் பெப்பர்மின்ட் ஆயில் வீரியமானது. நேரடியாகத் தோலில் தடவக் கூடாது. 30 மி.லி. நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய்க்கு 6 சொட்டு போதும். தண்ணீர் டப்பில் சொட்டுவிடும் பழக்கமும் வேண்டாம். எண்ணெய் தண்ணீரில் கரையாது. மேலே மிதந்து, நீர்க்காமலே தோலில் ஒட்டிக்கொண்டு எரிச்சல் தரும்.

பாதத்தில் தொடங்கி, கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி மேல்நோக்கித் தேயுங்கள். தேய்த்த கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொட வேண்டாம். முதல் தடவை என்றால், முன்கையின் உள்பக்கம் ஒரு துளி தடவி ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் புதினா உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். கைக்குழந்தைகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் மென்தால், கற்பூரம் கலந்த எதையும் தடவ வேண்டாம். மூச்சுத்திணறல் வரை போகலாம். பாட்டிலைக் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

வீட்டிலேயே பச்சைப் புதினாவை எண்ணெயில் ஊறப்போட்டு மாதக்கணக்கில் வைத்திருப்பதும் வேண்டாம். இலையின் ஈரத்தால் எண்ணெய் கெட்டுவிடும்.

புதினாவால் முடியாதவை

விரல் இடுக்கில் தோல் வெளுத்து உரிந்து அரிக்கிறதா? அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. நாற்று நடும் பெண்களுக்கும், நாள் முழுக்கப் பாத்திரம் துலக்குகிற, துணி துவைக்கிற பெண்களுக்கும் வரும் சேற்றுப்புண்ணில் தொடங்கி, ஈர ஷூவோடு அலையும் பிள்ளைகள் வரை யாருக்கும் வரலாம். இதற்குத் தேவை வறண்ட கால். கூடவே டாக்டர் சொல்லும் பூஞ்சைக் கொல்லி க்ரீம். டப்பில் ஊறவைப்பது எரிகிற விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற வேலை.

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்துகிறதா? அது உள்ளங்காலின் தசைநார் பிரச்னையாக இருக்கலாம். கெண்டைக்காலில் நீல நரம்பு முடிச்சுப் போட்டுத் தெரிகிறதா? வெரிகோஸ் வெயின். ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கமும் வலியும் சூடுமா? ரத்தக்கட்டாக இருக்கக்கூடும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தக் காலைத் தேய்த்து மசாஜ் செய்யக் கூடாது. இரண்டு கால் வீக்கமும் காலையில்கூட வடியாவிட்டால் இதயம், சிறுநீரகம் ஆகியவற்றைப் பரிசோதிக்கச் சொல்வார்கள்.

இரவில் உள்ளங்கால் எரிவது இன்னொரு பட்டியல். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறு, மதுப்பழக்கம்... எல்லாவற்றிலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது சர்க்கரை. இதையெல்லாம் ‘உடம்புச் சூடு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, புதினாவும் மருதாணியும் வைத்துக் குளிர்ச்சிப்படுத்திக்கொண்டே இருந்தால், எரிச்சல் அடங்கும், காரணம் அடங்காது.

இப்போது மாமியாரின் காலுக்கு வரலாம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கலாம் என்றது அது. ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் அதிகமாக இருந்தால் நரம்புகள் பழுதாகும். உடலிலேயே நீளமான நரம்புகள் போய்ச் சேரும் இடம் பாதம் என்பதால், முதல் அடி அங்கேதான் விழும்.

இதில் விசித்திரம் என்னவென்றால், எரிச்சலும் மரத்துப்போவதும் ஒரே காலில் சேர்ந்தே இருக்கும். பழுதான நரம்பு, ஒன்றுமே இல்லாதபோது ‘எரியுது’ என்று பொய்ச்செய்தி அனுப்பும். உண்மையிலேயே சுடும்போது செய்தி அனுப்பாமல் விட்டுவிடும். அதனால்தான் மருமகளுக்குச் சுட்ட தண்ணீர் மாமியாருக்குச் சுடவில்லை. தண்ணீர் ஆறவில்லை, உணர்ச்சிதான் குறைந்திருக்கிறது. அந்த நேரத்தில் அடுப்பிலிருந்து இன்னொரு சொம்பு ஊற்றியிருந்தால், வலி தெரியாமலே தோல் வெந்திருக்கும். காலையில் கொப்புளம், நான்காம் நாள் புண். ரத்த ஓட்டமும் குறைந்த காலில் அந்தப் புண் ஆறுவது லேசில்லை. காலையோ விரலையோ எடுக்க வேண்டிவந்த பல கதைகள் இப்படி ஒரு சின்னக் கொப்புளத்தில்தான் தொடங்கியிருக்கின்றன. இதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு ‘பாதம் பாதுகாப்போம்’ என்ற பெயரில் தனித் திட்டமே தொடங்கியிருக்கிறது.

எனவே, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கால் ஊறவைக்கும் டப் வேண்டவே வேண்டாம். வெந்நீர், வெந்நீர்ப்பை, ஐஸ், பெப்பர்மின்ட் ஆயில், கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்டர், பிளேடால் ஆணியைச் சீவுவது எல்லாமே அந்தப் பட்டியலில் சேரும்.

அப்படியென்றால் அவர்களுக்குப் புதினா வாசமே கிடையாதா? இருக்கிறது. டப்பை மருமகள் வைத்துக்கொள்ளட்டும். அவர் ஊறவைக்கும் அந்தப் பத்து நிமிடத்தை மாமியாரின் காலைப் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள்.

வீட்டிலேயே ஒரு தொடு சோதனை

இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவமனையில் உருவான எளிய சோதனை இது. கருவி எதுவும் வேண்டாம். உங்கள் ஆள்காட்டி விரல் போதும்.

* சோதிக்கப்படுபவர் சாக்ஸ் இல்லாமல் படுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளட்டும்.
* ‘தொடுவது தெரிந்தால், வலது, இடது என்று சொல்லுங்கள்’ என்று சொல்லிவிடுங்கள்.
* இரண்டு பாதங்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை, மாற்றி மாற்றி, இறகு பட்ட மாதிரி ஒன்றிரண்டு நொடி தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ குத்தவோ கூடாது. ஒரு விரலை ஒருமுறைதான் தொட வேண்டும்.
* ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். டாக்டரிடம் காட்டுங்கள். அவர் மோனோஃபிலமென்ட் என்ற மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்த்து உறுதிசெய்வார்.

எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், வருடத்துக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை செய்துகொள்வதை விட்டுவிட வேண்டாம்.

தினமும் பார்க்க வேண்டியவை

* உள்ளங்காலில் கொப்புளம், வெட்டு, சிவப்பு, நிறமாற்றம். குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து மேலே பாதத்தைப் பிடிக்கலாம். பார்வை மங்கியவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.
* விரல் இடுக்கில் வெளுப்பு, ஈரம்.
* நகம் சதைக்குள் வளர்ந்திருக்கிறதா, நகச்சுத்தி இருக்கிறதா? நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரத்தைக் குடைய வேண்டாம்.
* ஒரு பாதம் மட்டும் மற்றதைவிடச் சூடாகவோ சில்லென்றோ இருக்கிறதா?
* செருப்புக்குள் கல், முள், ஊக்கு. போடும் முன் தட்டிப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் குத்திய ஊக்கு நாள் முழுக்கத் தெரியாமலே இருக்கலாம். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

கழுவுவதற்குச் சாதாரணத் தண்ணீரும் மிதமான சோப்பும் போதும். துடைத்து, இடுக்கு காய்ந்ததும், வாசனை இல்லாத சாதாரண க்ரீமோ தேங்காய் எண்ணெயோ மேலும் கீழும் தடவலாம். புண் தெரிந்தால் மஞ்சளோ காபித்தூளோ வைத்து நாளைக் கடத்தாமல் அன்றே காட்டுங்கள்.

மறுநாள் இரவு...

அதே ஒன்பதரை மணி. அதே டப். இந்தமுறை அதில் ஒரு ஜோடிக் கால்தான். மருமகளின் மடியில் பழைய துண்டு. அதன் மேல் மாமியாரின் வலது பாதம். போன் டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு விரல் இடுக்காகப் பார்த்துக்கொண்டு வருகிறார்.

“சுண்டுவிரலைத் தொட்டேனே, தெரிஞ்சுதா அத்தை?”

“எப்பம்மா தொட்ட?”

மருமகள் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, “நாளைக்கு எனக்கு லீவு. ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்” என்கிறார்.

“உன் லீவ எதுக்கும்மா எனக்காக...”

“திரும்பி வர்றப்ப ஒரு கட்டுப் புதினா வாங்கிட்டு வரலாம் அத்தை. துவையலுக்கு.”

புதினா கட்டு விலை எவ்வளவு ஏறினாலும், அதை வாங்கும் சாக்கில் வீட்டில் இருப்பவரின் பாதத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். டப்பில் இருப்பது பத்து நிமிடச் சுகம். அந்தப் பத்து நிமிடத்தில் கண்ணில் படும் ஒரு சிவப்புத் தடம், ஒரு காலையே காப்பாற்றலாம்.